பத்தாவது நிமிடத்தில் சோர்ந்துபோகும் மோட்டார்

என்னிடம் ஒரு அவுட்போர்டு மோட்டார் இருக்கிறது. என்னைவிட ஆறு வயது இளையது. 1967இல் அமெரிக்காவில் தயாரானது. 18 குதிரைசக்தி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். மலைப்பக்கத்துத் தேயிலைக் கம்பெனி ஒன்று தன் கிட்டங்கியைக் காலி செய்தபோது பழைய இரும்பு விலைக்கு வாங்கினேன். வங்கி வேலை என்னைக் கொச்சியில் கொண்டுவந்து விட்டு முப்பது வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் 14 அடி ஃபைபர் படகின் பின்பலகையில் அந்த மோட்டாரை மாட்டிக்கொண்டு வேம்பநாட்டுக் காயலில் சுற்றுவது என் முதல் கெட்ட பழக்கம் என்பாள் மனைவி. இரண்டாவது, வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசுவது.

சென்ற மழைக்காலம் முடிந்த பிறகு முதல் சவாரியிலேயே அது மக்கர் செய்தது. கிளம்புவதில் குறையில்லை. கயிற்றை இரண்டாம் முறை இழுத்ததும் உயிர் வந்தது. ஐடிலிங் கடிகாரம் போல. த்ராட்டிலைத் திறந்ததும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. அரூர் பாலத்தைத் தாண்டித் தெற்கே திரும்பி, பெரும்பளம் தீவு கண்ணில் படும் நேரத்தில், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வேகம் பாதியானது. மூக்கு தணிந்தது. சத்தமும் மாறியது, கோபமாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று முணுமுணுக்கத் தொடங்கியதுபோல. வேகத்தைக் குறைத்து ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி சரியாகிவிடும். அப்புறம் மறுபடி சோரும்.

எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். த்ராட்டிலை இன்னும் திறந்தேன். இதன் விபரீதம் அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்து கார்புரேட்டரைக் கழற்றினேன். இதையும் எல்லோரும்தான் செய்கிறார்கள். பழைய என்ஜின் எதுவாக இருந்தாலும், என்ன நோவாக இருந்தாலும், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது நம் தேசிய வழக்கம். கையடக்கமான பொருள், திறந்தால் உள்ளே பித்தளையில் அழகான சாமான்கள், கழுவினால் ஏதோ செய்த திருப்தி. மூன்று ஞாயிறுகள் போயின. இரண்டு கிட் வாங்கி மாற்றினேன், மூன்றாவதற்கு ஆர்டர் கொடுத்தேன். ஜெட்டின் துளை வழியாக விளக்கைப் பார்த்தால் முழுநிலவு போலத் தெரிந்தது. தண்ணீரில் இறக்கினால் பத்தாவது நிமிடம் அதே சோர்வு.

நான்காவது வாரம் தோப்பும்படியிலிருந்து ஆசானை அழைத்து வந்தேன். எழுபதைக் கடந்தவர். கேரளத்து வள்ளங்களில் 1980களில் அவுட்போர்டு மோட்டார் பரவத் தொடங்கிய காலத்திலிருந்து அதுதான் தொழில். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் மோட்டார்கள் அவை. கரி பிடித்த அந்த என்ஜின்களுக்கு வைத்தியம் பார்த்தே ஒரு காது பாதி மந்தமாகிவிட்டது. கை மட்டும் இன்னும் கேட்கிறது: மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும்.

அவர் ஸ்பானரை எடுக்கவில்லை. படகின் விளிம்பில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"சாரே, இது சூடானதும் சோருதா, வேகமாப் போனதும் சோருதா?"

இரண்டும் ஒன்றுதானே என்றேன். இல்லையாம். துறையிலேயே கட்டிவைத்து அரை மணி நேரம் மெதுவாக ஓட விட்டால் என்ஜின் நன்றாகவே சூடாகும். அப்போதும் சோர்ந்தால் சூட்டில் கெடும் பொருள் ஏதோ ஒன்று: காயில், கண்டென்சர், குளிர்நீர். மெதுவாக ஓடும்போது எவ்வளவு நேரமானாலும் சோரவில்லை, முழு வேகத்தில் மட்டும் சோர்கிறது என்றால், பெரும்பாலும் ஏதோ ஒன்று போதிய அளவு வந்து சேரவில்லை. கட்டிவைத்து ஓட விட்டோம். நாற்பது நிமிடம் அசராமல் ஓடியது. நான் மூன்று வாரத்தில் தெரிந்துகொள்ளாததை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தெரிந்துகொண்டோம்.

அடுத்த கேள்வி இன்னும் அடிப்படையானது. சோர்வது மோட்டாரா, படகா? சிரிக்க வேண்டாம். பழைய ஃபைபர் படகின் இரட்டைத் தளத்துக்குள் மழைநீர் இறங்கி, உள்ளிருக்கும் நுரை ஊறிப்போனால், படகு ஓர் ஆள் பாரம் கூடிவிடும். பாசி பிடித்த அடிப்பாகமும் அப்படித்தான். காயலில் ஆகாயத்தாமரை வேறு, மலையாளத்தில் குளவாழை. அதன் ஒரு கொத்து மோட்டாரின் காலில் சிக்கினால் புரொப்பல்லரும் திணறும், குளிர்நீர் உள்ளே போகும் சல்லடையும் அடைபடும்.

புரொப்பல்லருக்கு உள்ளே ஒரு ரப்பர் புஷ் உண்டு. கல்லில் மோதினால் கியர் உடையாமல் இருக்க வைத்த ஏற்பாடு. வயதானால் அது வழுக்கும். என்ஜின் வீறிட்டுச் சுற்றும், படகு மட்டும் நகராது. இதற்கு ஆசானின் சோதனை ஒரு பெயிண்ட் கோடு. நடுக்குழலிலிருந்து புரொப்பல்லர் வரை நேராக ஒரு கோடு இழுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்து பார்ப்பது. கோடு உடைந்து விலகியிருந்தால் புஷ் வழுக்குகிறது. எனக்கு விலகவில்லை. தவிர, வழுக்கினால் என்ஜின் சுழற்சி ஏறும். என்னுடையது இறங்கியது. ஆக, நோய் மோட்டாரில்தான்.

பிறகுதான் பிளக்குகளைக் கழற்றினார். இரண்டையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கீழ் சிலிண்டரின் பிளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கம்ப்ரஷன் மீட்டரை மாட்டி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, கயிற்றை ஆறு முறை இழுத்தோம். பிளக் வயர்களை முன்னதாகவே என்ஜினின் உடம்போடு எர்த் செய்துவிட்டார். சும்மா தொங்கவிட்டால் காயில் கெடும், கொட்டும் பெட்ரோல் ஆவியில் பொறி விழுந்தால் மனிதரும் கெடுவார். மேல் சிலிண்டர் 92 பவுண்டு, கீழ் சிலிண்டர் 86. இந்த வயதுக்கு நல்ல எண்கள். எண்ணைவிட இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் பாதாளத்தில் இருந்தால் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது பிஸ்டனே கீறியிருக்கலாம். இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

"இதை முதல்ல பார்க்காம கார்புரேட்டரைக் கழுவறது, செத்த மாட்டுக்குப் புல்லுக்கட்டு தூக்கிட்டுப் போற மாதிரி," என்றார். நான் அண்ணாந்து தென்னை மரத்தைப் பார்த்தேன்.

பொறியிலும் குறையில்லை. பிளக்கின் சிறு இடைவெளியில் நீலப்பொறி தெரிந்தால் பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். திறந்த காற்றில் அது எளிது. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அதே பொறி அணைந்துவிடலாம். வெளியே கால் அங்குலம் தாண்டிக் குதிக்கிற பொறிதான் உள்ளே வேலை செய்யும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. அந்தக் காலத்து மோட்டார்களின் ஃப்ளைவீலுக்கு அடியில் இரண்டு ஜோடி பாயிண்டுகள், இரண்டு காயில்கள், சிலிண்டருக்கு ஒன்று வீதம். பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். அந்தக் காலக் காயில்களின் மேலுறை வெயிலிலும் உப்புக்காற்றிலும் விரிசல் விடும். விரிசல் வழியே மின்சாரம் ஓடிப்போகும். சூடாகும்வரை நன்றாக இருந்துவிட்டுச் சூடானதும் கைவிடுவது காயிலின் குணம். ஆசான்கூட உள்ளூரக் காயிலைத்தான் சந்தேகப்பட்டார். நாற்பது நிமிடச் சோதனை அந்தச் சந்தேகத்தைக் குறைத்தது, ஒழிக்கவில்லை.

குளிர்நீர் பம்ப்பின் இம்பெல்லர் சென்ற வருடம்தான் மாற்றியது. கையை என்ஜின் தலைமேல் வைத்துப் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டார்.

"வாங்க, காயலுக்குப் போவோம்."

மோட்டாரின் மூடியைக் கழற்றிவிட்டே கிளம்பினோம். முழு வேகம். பெரும்பளம் தெரியும் இடத்தில் வழக்கம்போல் சோர்ந்தது. நான் த்ராட்டிலுக்குக் கை கொண்டுபோனபோது ஆசான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ரப்பர் பிடி போட்ட குறடால் மேல் சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றி எர்த் செய்தார். வேகம் விழுந்தது. திரும்ப மாட்டிவிட்டுக் கீழ் சிலிண்டரைச் செய்தார். அதே அளவு விழுந்தது. இரண்டு சிலிண்டரும் சமமாக வேலை செய்கின்றன, சமமாகச் சோர்ந்திருக்கின்றன. இரண்டு காயில்கள் ஒரே நொடியில் கெடுவது அபூர்வம். ஆக, இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று.

அடுத்து சோக்கைப் பாதி இழுத்தார். மோட்டார் ஒரு கணம் நிமிர்ந்தது. பசியோடிருப்பவனுக்கு ஒரு வாய் கஞ்சி கொடுத்ததுபோல. பெட்ரோல் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடையாது. பெட்ரோல் கூடிப்போய்ச் சோரும் என்ஜினாக இருந்தால் சோக் இழுத்ததும் திக்கித் திணறியிருக்கும்.

"பல்ப் எங்கே?"

டேங்கிலிருந்து மோட்டாருக்கு வரும் ஹோஸின் நடுவே, கிளப்பும்போது கையால் அழுத்தி பெட்ரோலை ஏற்றுவதற்கு, ஒரு ரப்பர் பல்ப் உண்டு. என் படகில் அது முன் இருக்கைக்கு அடியில், லைஃப் ஜாக்கெட்டுகளுக்குக் கீழே கிடந்தது. இழுத்து எடுத்தோம். சூப்பிப் போட்ட மாங்கொட்டை போலத் தட்டையாக இருந்தது.

நான் அதை எப்போதும் துறையில் நிற்கும்போதுதான் தொட்டிருக்கிறேன். அப்போது அது கொழுக்கட்டை மாதிரி இருக்கும். ஓடும்போது ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மோட்டாரின் பெட்ரோல் பம்ப் உறிஞ்சுகிறது, டேங்க் பக்கத்திலிருந்து வரவில்லை, நடுவில் அகப்பட்ட பல்ப் சப்பிப்போகிறது. டேங்க் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். மூடியையே திறந்து வைத்தோம். மாற்றமில்லை. துறைக்குத் திரும்பி, பக்கத்துப் படகுக்காரரின் டேங்க்கையும் ஹோஸையும் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி போனோம். பத்து நிமிடம், இருபது நிமிடம். பெரும்பளத்துத் தென்னைகள் பக்கத்தில் வந்து, பின்னால் போயின. நான் சத்தம் போட்டே சிரித்தேன்.

கரையில் ஆசான் என் ஹோஸை நீளவாக்கில் பிளேடால் பிளந்தார். வெளியே புதுமெருகு குலையாத கறுப்பு ரப்பர். உள்ளே அதன் உள்தோல் உரிந்து, வெந்த வெங்காயச் சருகு போல மடிந்து தொங்கியது. மெதுவாக ஓடும்போது அந்தச் சருகு ஓரமாக ஒதுங்கி வழிவிடும். முழு வேகத்தில் இந்த மோட்டார் மணிக்கு ஏழு லிட்டர் அளவுக்குக் குடிக்கும். அந்த உறிஞ்சலில் சருகு எழுந்து வாசலை மூடிவிடும். வேகத்தைக் குறைத்தால் மறுபடி படுத்துவிடும். ஐந்து நிமிடம் ஓய்ந்ததும் சரியானதன் ரகசியம் இதுதான். மூன்று வாரம் கார்புரேட்டரைக் கழுவிய நான் ஹோஸைத் தொடாததற்கும் காரணம் உண்டு. அது புதியது. அதாவது, வாங்கி ஆறு வருடம்தான் ஆகிறது.

அந்த ஆறு வருடத்தில் பெட்ரோல் மாறிவிட்டது. பங்குகளில் விற்கும் பெட்ரோலில் எத்தனாலின் சராசரி அளவு நாடு தழுவ 2022இல் 10 சதவீதத்தையும், 2025இல் 20 சதவீதத்தையும் எட்டியது. எண்ணெய் இறக்குமதி குறையும், கரும்பு விவசாயிக்குப் பணம் வரும் என்பது அரசின் கணக்கு. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பழைய டூ ஸ்ட்ரோக்கை வைத்திருப்பவர் அறிய வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. எத்தனால் பழைய வகை ரப்பரை ஊறவைத்து உரிக்கும். ஹோஸ் மட்டுமல்ல, பெட்ரோல் பம்ப்பின் டயாபிரம், கார்புரேட்டரின் வாஷர், எல்லாவற்றையும்.

இரண்டாவது விஷயம் கணக்கு. ஒரு பங்கு சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்ததற்கு 13.5 பங்கு அளவே போதும், ஏனென்றால் எத்தனால் தன் ஆக்சிஜனைத் தானே கொண்டுவருகிறது. 1967இல் துளையிட்ட ஜெட்டுக்கு இது தெரியாது. அது பழைய அளவிலேயே ஊற்றும். ஹோஸ் சுத்தமாக இருந்தாலும் என்ஜின் கொஞ்சம் பட்டினியாகவே ஓடும். இன்னும் பழைய மோட்டார்களில் வேகத்துக்கான ஊசியை வெளியிலிருந்தே திருகலாம். அவற்றில் சற்றுத் திறந்து கொடுத்தால் சமாளிக்கலாம். என்னுடையதில் ஜெட்டையே மாற்ற வேண்டும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். காயல் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பாதி டேங்க் பெட்ரோலை மழைக்காலம் முழுவதும் வைத்திருந்தால், ஓர் அளவுக்கு மேல் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்து அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும். நாம் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்க்கின் குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு வேறு ஆயில் கிடையாது. பெட்ரோலோடு வருவதுதான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர்.

இந்த இடத்தில் ஆசான் சட்டைப்பையிலிருந்து அந்தக் கீழ் பிளக்கை எடுத்தார். டீ நிறத்தில் இருக்க வேண்டிய பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அதன்மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் கண்ணுக்கு அரிதாகப் பளபளக்கும் புள்ளிகள்.

"இது என்ன தெரியுமா? உங்க பிஸ்டன்."

பெட்ரோல் குறைந்தால் தணிக்கும் ஈரமும் குறைகிறது, ஆயிலும் குறைகிறது, வெப்பம் ஏறுகிறது. பிஸ்டனின் அலுமினியம் இளகித் துகளாகத் தெறிக்கத் தொடங்குகிறது. அப்போது த்ராட்டிலைத் திறப்பது, நெஞ்சு வலிக்கிறவரை ஓடச் சொல்வது. இன்னும் இரண்டு ஞாயிறு நான் அப்படிச் செய்திருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டி என்ஜின் சீஸ் ஆகியிருக்கும் என்றார். வேகம் தானாகக் குறைந்ததுதான் இத்தனை நாள் அதைக் காப்பாற்றியது. சோர்வு தெரிந்தால் த்ராட்டிலைக் குறைக்க வேண்டும், சோக்கைப் பாதி இழுத்துக்கொண்டு மெல்லக் கரைக்கு வர வேண்டும். ஆராய்ச்சி கரையில்.

எனக்குக் கரை எப்போதும் கண்ணெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால் இது பொழுதுபோக்கு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் முதலப்பொழி என்று ஓர் அழிமுகம் இருக்கிறது. மணல் திட்டும் பேரலையும் சந்திக்கிற அந்த வாயில் வள்ளங்கள் கவிழ்ந்து மீனவர்கள் இறப்பது ஓயாத செய்தி. அங்கே அலையின் முதுகில் நிற்கும் ஒரு நொடியில் மோட்டார் சோர்ந்தால் வள்ளம் குறுக்கே திரும்பும். ஆசான் அந்தக் கடற்கரையிலும் சில வருடம் வேலை செய்தவர். கடலுக்குப் போகும் மோட்டாரை ஒப்படைக்கும் முன் பல்பையும் ஹோஸையும் கையால் தடவிப் பார்க்காமல் கொடுத்ததில்லை என்றார். வேறெதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆயில் விஷயத்திலும் எனக்கு ஒரு வசவு கிடைத்தது. ஸ்கூட்டருக்கு ஊற்றுகிற 2டி ஆயிலையே நான் ஊற்றி வந்திருக்கிறேன். தண்ணீரில் குளிரும் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 என்று குறியிட்ட, சாம்பல் விடாத ஆயில் தனியாக இருக்கிறது. மற்றது பிஸ்டன் ரிங்குகளைப் பிசினாக ஒட்டும். கம்ப்ரஷன் கீழே 86 ஆக இருந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இத்தனை பாடுபட்டு ஏன் இந்தக் கிழத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 1909இல் மில்வாக்கியில் ஓலி எவின்ரூட் ஒன்றரை குதிரைசக்தியில் முதல் மோட்டாரை விற்கத் தொடங்கினார். அந்தப் பெயரில் மோட்டார் தயாரிப்பு 2020இல் நின்றுபோனது. நூறாண்டுக்கு மேல் நீடித்த ஒரு பெயரே மறையும்போது, பழைய மோட்டாருக்குக் கையேடும் உதிரிபாகமும் ஆசான் போன்றவர்களின் ஞாபகத்தில்தான் மிஞ்சுகின்றன. அவருக்குப் பின் அந்தப் பட்டறையில் யாரும் இல்லை. மகன் வளைகுடாவில் இருக்கிறான்.

எத்தனால் தாங்கும் என்று மேலே அச்சிட்ட புதிய ஹோஸ் வாங்கினேன். பம்ப் டயாபிரத்தையும் மாற்றினோம். ஒரு அளவு பெரிய ஜெட் போட்டோம். மிச்சப் பெட்ரோலை இனி டேங்க்கில் வைப்பதில்லை. ஆசான் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார், கூடவே தபாலில் வந்து பிரிக்காமல் கிடந்த மூன்றாவது கார்புரேட்டர் கிட்டையும். வேறொருவருக்கு நிஜமாகவே தேவைப்படுகிறதாம்.

அடுத்த ஞாயிறு வைக்கம் படகுத்துறை வரை போய்த் திரும்பினேன். 2017இல் நாட்டின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு ஓடத் தொடங்கிய தடம் அது. கார்புரேட்டர் இல்லை, ஹோஸ் இல்லை, சத்தமும் இல்லை. என் மோட்டார் புகை விட்டுக்கொண்டு அந்தத் தடத்தைக் கடந்தது. பல்பை இப்போது வலது முழங்காலுக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்த்தேன். உருண்டையாகவே இருந்தது.